இலைத்தியாவின் உள்வளர்ச்சியும் ஒரு துறைமுகப் பலகையும்

வைநிகுரா படகுத்துறைக் கண்காணிப்பாளர் இலைத்தியா நவுலா வளரத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. உடம்பு விஷயத்தில் அவர் அதற்கு முன்பே போதுமான அளவு வளர்ந்திருந்தார். மரவள்ளியும் தேங்காய்ப்பாலும் அதைப் பார்த்துக்கொண்டன. இது உள்வளர்ச்சி. பதவி உயர்வு கேட்பவர்கள் ஏதேனும் ஒரு ஃபெலோஷிப் முடித்திருப்பது விரும்பத்தக்கது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அவரும் மெல்போர்னிலிருந்து இணையத்தில் நடக்கும் ‘உள்ளொளித் தலைவர்கள்’ ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார். உங்கள் தகுதி என்ன என்று கேட்டிருந்தார்கள். “நான் இன்னும் முழுமையடையவில்லை” என்று எழுதினார். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அதே வாரம் படகுத்துறையின் நடுப்பலகை இற்றுப்போனது. தினமும் அந்தப் பலகையைத் தாண்டிப் போய்த்தான் பிள்ளைகள் வைசேவாவின் படகில் ஏறி அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். வைசேவா நேரே அலுவலகத்துக்கு வந்து, தீவு முறைப்படி வணக்கம் சொன்னாள்.

“புலா சார். நடுப்பலகை போச்சு. நேத்து ஒரு பொண்ணோட கால் உள்ள போயிடுச்சு. ஆணி கிழிக்காம தப்பிச்சது பெரிய விஷயம்.”

இலைத்தியா கண்ணை மூடிக்கொண்டார். “நீங்க சொல்றது எனக்குக் கேக்குது.”

“கேக்கும் சார். எதிர்லதானே நிக்கிறேன்.”

“அப்படி இல்ல. ஆழமாக் கேக்குது.”

வைசேவா மேசையைத் தட்டினாள். 

“சார், பலகை?”

“தீர்வு சொல்ல அவசரப்படக் கூடாது. முதல் வாரப் பாடமே அதுதான். உங்க வலியோட நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்.”

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார். நடுவில் தேநீர் வந்தது. அதையும் வலியோடு சேர்த்தே குடித்தார்.

அடுத்த வாரப் பாடம், நமக்கென்று எல்லைகள் வகுத்துக்கொள்வது. இலைத்தியாவுக்கு இது பெரிய விடுதலை. இத்தனை வருஷமாக ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாமல் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லியே உத்தியோகம் பார்த்துவிட்ட மனிதர் அவர். சாயங்காலமானால் அது லேசாக உறுத்தும். இனி உறுத்தாது. கதவைச் சாத்திவிட்டு, ‘உள்ளே வளர்ச்சி நடைபெறுகிறது’ என்று வெளியே ஒரு அட்டையையும் தொங்கவிட்டார். அட்டையை எழுதியவள் எழுத்தர் பிரேம்வதி. எழுதும்போது அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வைசேவா தினமும் வந்தாள். அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, சாரைப் பாக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு,” என்றாள் பிரேம்வதி. “அந்த வகுப்புல நீங்களும் சேந்துடுங்க. அதுல இருக்கிறவங்ககிட்ட மட்டும் சார் நல்லாப் பேசறார்.”

பிரேம்வதி சொன்னது கேலிக்கு. வைசேவா கேலியை எல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அன்றைக்கே படகில் உட்கார்ந்து கைபேசியில் விண்ணப்பித்தாள். ஒரே ஊரிலிருந்து இரண்டு ஆன்மாக்கள் வந்திருப்பதைப் பார்த்து வழிகாட்டி பிரியானாவுக்கு மெய்சிலிர்த்தது. இருவரையும் ஒருவருக்கொருவர் வளர்ச்சித் துணையாக நியமித்துவிட்டாள்.

“இன்னைக்கு ஒவ்வொருத்தரும், உங்க வாழ்க்கையில உடைஞ்சுபோன ஒண்ணைப் பத்திச் சொல்லுங்க,” என்றாள் பிரியானா, அடுத்த இணைய வகுப்பில்.

“பலகை,” என்றாள் வைசேவா.

திரையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். பிரியானா நெஞ்சில் கை வைத்தாள். “அந்தப் பலகை உங்களுக்கு எதைக் குறிக்குது?”

“பலகையைத்தான்.”

ஆக்லாந்துக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதை யார் சரிபண்ண முடியும்னு நினைக்கிறீங்க?”

“இதோ மேல் வரிசையில இருக்காரே, இலைத்தியா சார். அவர்தான்.”

“அற்புதம்! நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு இலைத்தியா இருக்கார்.”

இலைத்தியா பெருமையில் நெளிந்தார். ஆனால் வைசேவாவின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவர் அதுவரை பார்த்ததில்லை. அலுவலகத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதானே கேட்டார். அது மிகவும் களைத்த முகம். அவருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. இதுதான் உள்வளர்ச்சி போலும் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த பாடம், நீங்கள் தள்ளிப்போட்ட ஒன்றின் எதிரே போய் நேரலையில் நில்லுங்கள் என்பது. இலைத்தியா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி படகுத்துறைக்கு நடந்தார்.

“நண்பர்களே, நான் தள்ளிப்போட்ட பலகை இதுதான்,” என்று சொல்லி அதன்மேல் காலை வைத்தார். பலகை தள்ளிப்போடவில்லை.

உள்வளர்ச்சி அவரைக் கைவிட்டது, வெளிவளர்ச்சிதான் காப்பாற்றியது. வயிறு சிக்கிக்கொள்ள, பாதி துறைக்கு மேலும் பாதி கீழுமாகத் தொங்கினார். கைபேசியை மட்டும் விடவில்லை. திரை முழுக்க இதயங்கள் பறந்தன.

“யாரும் அவருக்கு உதவாதீங்க!” என்று கத்தினாள் பிரியானா. “அவர் இந்தக் கணத்துல முழுசா இருக்கட்டும்!”

“தண்ணி ஏறுதும்மா!” என்று அலறினார் இலைத்தியா.

“ஏறட்டும், தடுக்காதீங்க! அதெல்லாம் உணர்ச்சி!”

வைசேவா படகிலிருந்து ஓடிவந்து அவர் அக்குளில் கயிற்றைக் கட்டினாள்.

“சார், இப்பக் கேக்குதா?”

“கேக்குது அக்கா.”

“ஆழமாவா?”

“இடுப்பு வரைக்கும் கேக்குது. இழுங்க.”

மறுநாளே மரம் வந்தது. தச்சரோடு இலைத்தியாவும் வெயிலில் நின்று நடுப்பலகையை மட்டுமல்ல, ஆட்டங்கண்ட எல்லாப் பலகைகளையும் மாற்றினார். கையில் சிராய் ஏறியது. மனசு லேசாக இருந்தது. வகுப்பில் அதைச் சொன்னபோது பிரியானாவின் முகம் வாடிவிட்டது.

“சரிபண்ணிட்டீங்களா? கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்களோன்னு தோணுது, இலைத்தியா. விழுந்தப்போ எவ்வளவு அழகா இருந்தீங்க!”

அந்த வாரச் சிறந்த வளர்ச்சியாளர் என்று வைசேவாவை அறிவித்தார்கள். பலகையின் உட்பொருளைக் கண்டடைந்ததற்காக.

திங்கட்கிழமை இலைத்தியா நல்ல சூலு வேட்டி கட்டிக்கொண்டு, புதுத்துறையில் முதல் படகு கிளம்புவதைப் பார்க்கப் போனார். பிள்ளைகளும் சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் பெண்களும் புதுப்பலகையில் வரிசையாக நின்றிருந்தார்கள். படகு கட்டிக்கிடந்தது. அதன் பின்முனையில் வைசேவா, காதில் இயர்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“வைசேவாக்கா, கூட்டம் நிக்குது பாருங்க.”

அவள் கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

“இது என் நேரம் சார். இத்தனை வருஷமா ஊரையே அக்கரை சேத்தேன். என்னை யாரு சேத்தாங்க?”

 அவள் சொன்னது அத்தனையும் நிஜம், அதுதான் சங்கடம்.

“நீங்கதானே சார் இங்க அதிகாரி? ஏதாவது சொல்லுங்க,” என்றாள் கீரைக்காரி.

இலைத்தியா சுற்றுமுற்றும் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் கைபேசியை எடுத்து, வகுப்பில் சேருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று, கூட வந்திருந்த பிரேம்வதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கூச்சலோடு நீந்தி விளையாடப் போனார்கள்.

அக்கரையில் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரும் வராததை ஆசிரியர் கவனிக்கவில்லை. அவரும் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்துகொண்டிருந்தார்.