முப்பதுக்கு ஒன்பது

"காகிதத்தைப் பாத்து அழுதவன் ரிங்லெட் வரலாற்றிலேயே கிடையாது. அழுகைக்கு வெங்காயம் வேணும், இல்லாட்டி வீட்ல ஒரு மவுத்து விழணும்."

ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று, கரண்டியை உயர்த்தி, ரிதுவான் இப்படித் தீர்ப்புச் சொன்னார். கடையில் அதைக் கேட்க இருந்தது ஒரே ஆள்: கோலா தெர்லாவிலிருந்து கோஸ் லோரி ஓட்டி வந்த சிங்காரம். அந்தக் காகிதத்தை, சுருட்டிய ஒரு படத்தை, கொண்டுவந்ததும் அவன்தான்.

"நாதிராம்மா அவங்க அக்காவுக்குக் குடுக்கச் சொன்னாங்க, பாய். தோட்டத்து ரூபினி வரைஞ்சது. முப்பதே முப்பதுதான் அச்சடிச்சிருக்கு. நானே பாத்து அழுதுட்டேன் லா."

"கண் டாக்டரைப் பாரு."

சிங்காரம் கோஸ் இறக்கப் போனான்.

ரிதுவானின் மனைவி ஹஃபீசாவும் தங்கை நாதிராவும் பேசி இரண்டு வருஷமாகிறது. உம்மாவின் இடியாப்ப உரல் யாருக்கு என்பதில் வந்த சண்டை. இப்போது தங்கையே படம் அனுப்பி இறங்கி வந்திருக்கிறாள்.

ரிதுவான் பிரித்தார். காகிதம் சுருண்டுகொண்டே போனதால், அதன் நடுவில், பால் ஊற்றிய தன் தே கிளாஸைத் தூக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். துப்பட்டா போட்ட இரண்டு பெண்கள், ஒரு மேசை. மூலையில் பென்சிலால் 9/30.

"முப்பதுக்கு ஒம்பது. பெயிலு."

கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. படத்தின் நடுவில், பழுப்பாக, ஒரு கிளாஸ் வட்டம்.

கண்ட இடத்தில் கிளாஸை வைக்கிறார் என்று ஹஃபீசா இருபது வருஷமாகத் திட்டுகிறாள். பாஸ்போர்ட்டில் ஒரு வட்டம் உண்டு. ஹஜ் விண்ணப்பத்தில் இரண்டு. தானா ராத்தா கிளினிக்கிலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். இப்போது பத்தே கால். இவர் போட்ட கறையை நாதிரா வேண்டுமென்றே செய்த அவமானமாக அவள் எண்ணிவிட்டால், உரல் சண்டை மூன்றாம் வருஷத்தில் கால் வைக்கும்.

ஈரத் துணியால் ஒற்றினார். வட்டம் அசையவில்லை, துப்பட்டாக்களின் சாயம் கலைந்தது. எலுமிச்சை தேய்த்தார். வட்டம் அசையவில்லை, ஒருத்திக்கு மூக்கு போனது, மூலையில் இருந்த எண்ணும் போனது. காயட்டும் என்று ரொட்டிக் கல் ஓரமாகப் போட்டார். காகிதம் அப்பளமாகி, எண்ணெயும் குடித்தது.

அழிந்த மார்க்குக்குப் பதிலாக, பாவம் என்று பென்சிலை எடுத்து, தானே 30/30 போட்டார்.

தே குடிக்கத் திரும்பிவந்த சிங்காரம் எட்டிப் பார்த்தான்.

"பாய், அது மார்க்கு இல்ல. எத்தனாவது படம்னு நம்பரு. முப்பதாவது என் லோரியில தொங்குது. அதுலயும் இதே..."

"இங்க என்ன?" என்று கேட்டபடி ஹஃபீசா படியேறினாள். பஸ் என்றுமில்லாத திருநாளாகச் சீக்கிரம் வந்திருந்தது.

ரிதுவான் ஒன்றுவிடாமல் சொன்னார். குரல் எலுமிச்சை பிழிந்ததுபோல் வந்தது.

ஹஃபீசா மூக்கில்லாத பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"நாதிரா, நான்தான். நீ குடுத்த படத்துல உன் மச்சான் தே கிளாஸை வெச்சு, தொடச்சு, ரொட்டி மாதிரி சுட்டு எடுத்துட்டாருடி."

எதிர்முனையில் சிரிப்பு வெடித்துக் கடை முழுக்கக் கேட்டது.

"லாத்தா, அந்த வட்டம் முப்பது படத்துலயும் இருக்கு. நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல குடிப்போம்னு ரூபினிகிட்ட நான் சொல்லித்தான் அவ வரைஞ்சா."

ஹஃபீசா சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உரலை வந்து தூக்கிட்டுப் போடி" என்றாள்.

ரிதுவான் சுருண்டு கிடந்த காகிதத்தையே பார்த்தார். பிறகு சிங்காரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உரிக்காத வெங்காயம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தார்.