மீசைக்காரனுக்கு ஏற்ற மாஸ்க்

நவுசோரி,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் வைசாக்கே அவர்களுக்கு,

எமோசி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும், தங்கள் அக்கா லோசலினியும், போன வார மழையில் சாய்ந்துவிட்ட மரவள்ளியைத் தவிர மற்ற எல்லாமும் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தாங்கள் வேலை பார்க்கும் விடுதியின் படகுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கடலுக்குள் பார்க்கும் சாமான்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தாங்கள் மெனக்கெட்டு எழுதியனுப்பிய நான்கு பக்கத்துக்கு இதுவரை நன்றி சொல்லாததற்கு மன்னிக்கவும். மச்சான், இதற்கு மேல் என்னால் 'தாங்கள்' போட முடியவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறவனுக்கு மரியாதை கையில் வரமாட்டேன் என்கிறது.

நீ தினமும் வெள்ளைக்காரர்களுக்கு மாஸ்க் மாட்டிக் கடலில் இறக்கிவிடுகிறவன். நானோ நைதாசிரி மலைக்காரன். உங்கள் கண்டாவு தீவுக்கு மாப்பிள்ளையாகி முப்பத்தொரு வருடம் ஆகிறது, இன்றுவரை முழங்காலுக்கு மேல் உப்புத்தண்ணீர் பட்டதில்லை. போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற அன்று, உன் அக்காவிடம் என்ன வேண்டும் என்று பெரிய மனிதன் மாதிரி கேட்டுத் தொலைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு வாரம் எங்க ஊருக்குப் போகணும். பவளப்பாறையை நான் கடைசியா மூழ்கிப் பார்த்தது பதினெட்டு வயசுல. அப்புறம் கண்ணு மங்கிப்போச்சு. ஒரு தடவையாவது தெளிவாப் பார்க்கணும். தனியா இல்ல, நீங்களும் கூட இறங்கணும். முப்பத்தொரு வருஷமா உங்க மலையைக் காட்டினீங்க, நானும் பார்த்தேன். என்னோடதை ஒரு நாள் நீங்க பாருங்க" என்றாள். என் வாயில் சேப்பங்கிழங்கு இருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம்தான் பயந்துபோய் உனக்கு எழுதினேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை சுவாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். காசை மாஸ்கில் போடு, மற்றதில் மிச்சம் பிடி என்று எழுதியிருந்தாய். வாயில் கவ்வும் மூச்சுக்குழாய் இருப்பதிலேயே எளிமையானது போதும், விளிம்பு ரப்பர் மெத்தென்று இருக்கட்டும், பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழு, கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அதுதான் உன்னுடையது என்றும் எழுதியிருந்தாய். நான்காவது கடையில், பெட்டி கிழிந்துபோனதால் விலை குறைத்து வைத்திருந்த மாஸ்க் ஒன்று, உன் அக்கா கண்ணுக்கு வேண்டிய பவர் கண்ணாடியோடு கிடைத்தது. முதல் மூச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதைப் போட்டபடியே சுவரில் இருந்த காலண்டரின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தலையைத் தொங்கப்போடத்தான் தோன்றுகிறது. எனக்கு ஏழு மாஸ்க் போட்டுப் பார்த்தார்கள், ஏழும் வழுக்கி விழுந்தன. கடைக்காரர், "அங்கிள், மாஸ்க் மேல தப்பில்ல. அந்த மீசையை எடுத்துட்டு வாங்க, எல்லாம் ஒட்டும்" என்றார். எட்டாவதை நான் கோபத்தில் இழுத்த இழுப்பில் அது முகத்தைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து எங்கள் சபை போதகர் உள்ளே வந்து, "எமோசி, சௌக்கியமா?" என்று கேட்க, நான் "ம்ம்" என்றேன். அந்த ஞாயிறு ஜெபத்தில் சுகவீனர் வரிசையில் என் பெயரும் வந்தது. மீசையைப் பற்றி நீயும் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாய். வேலையில் சேர்ந்த நாளில் வைத்தது, மச்சான். வேறு எதை வேண்டுமானாலும் கேள். மூக்குக்குக் கீழே வாசலைன் தடவினால் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி எட்டாவதையே வாங்கினேன். காலில் மாட்டி நீந்தும் துடுப்புச் செருப்பு எனக்கு மட்டும்தான். "மீனுக்கு எதுக்குச் செருப்பு?" என்று உன் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், தப்பு என்னுடையதா நம் வழக்கத்தினுடையதா என்று நீயே சொல். கப்பலுக்கு முதல் நாள் என் தங்கை மகன் தைத்தோ வந்தான். வாசலில் இருந்த துடுப்புச் செருப்பில் காலை நுழைத்தான். "மாமா, மலையில இருந்து இறங்கிப் போறவருக்கு இது எதுக்கு? என் காலுக்குன்னே வார்த்த மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான். தங்கை மகன் மாமன் வீட்டில் கேட்கக்கூட வேண்டியதில்லை, எடுத்தால் எடுத்ததுதான் என்பது உனக்குத் தெரியாதா? அவனுக்குக் கடலே கிடையாது, ஆற்றைக் கடக்கப் போட்டுக்கொள்கிறானாம்.

ஊரில் இறங்கியதும் முறைப்படி யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை ஊர்த் தலைவர் முன்னால் காணிக்கையாக வைத்து, கடலில் இறங்க அனுமதி கேட்டோம். உன் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "வாங்க மலைக்காரரே, தண்ணி காலைக் கடிக்காம இருக்கா?" என்று என்னை உரித்தார்கள். ஊரில் யாராவது உடம்பு முடியாமல் இருக்கிறார்களா என்று நான் விசாரித்தேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று தலைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் உன் அண்ணி கெலேரா என் மூச்சுக்குழாயைப் பார்த்து, "அடுப்பு ஊதுறதுக்கு அம்சமா இருக்குமே" என்றாள். கெரெகெரெ, கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டால்தானா, சொந்தக்காரி ஆசைப்பட்டதே போதாதா? கொடுத்தேன். ஈட்டி மீன்பிடிக்கும் செமிசி என் மாஸ்கைக் கேட்டான். அவன் பிடிக்கும் மீனைத்தான் தினமும் தின்கிறேன், எந்த முகத்தோடு இல்லை என்பது? கொடுத்தேன்.

அன்று மாலை லோசலினி, "போகட்டும், என் மாஸ்க் ஒண்ணு இருக்குல்ல? மாத்தி மாத்திப் பார்க்கலாம். நாளைக்குக் காலைல தண்ணி வத்தினதும் இறங்குவோம்" என்றாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பொறுப்பாளர் இனோக்கே அண்ணன் வந்தார். அவருக்கும் தூரத்துப் பார்வை கிடையாது. மாஸ்கைப் போட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். ஊர்ப் பொறுப்பாளர் நல்லா இருக்கு என்ற பிறகு பிடுங்கிப் பெட்டியில் வைக்கவா முடியும்? அதையும் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, மலைக்காரன் கை இவ்வளவு தாராளம் என்று தெரியாமல் போயிற்றே என்று அவர் சாட்சி சொன்னார். எனக்காகக் குழியடுப்பில் பன்றி போட்டார்கள். உன் அக்கா மீதி நாளெல்லாம் கரையில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கத்தியைக் கழுவ எழுந்து போனாள்.

இதுதான் நீ நான்கு பக்கம் எழுதித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாமான்களின் கதை. கொடுத்ததைக் குறையாகச் சொல்லவில்லை, வழக்கம் என்னைவிடப் பெரியது. ஆனால் உன்னிடம் கேட்டு வாங்கியதை ஒரு நாள்கூட நனைக்காமல் திரும்பினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இனிமேல் கடல் சாமான் பற்றி எனக்கு எதுவும் எழுதவேண்டாம். கடல் வேண்டும் என்றால் உன் அக்காவுக்கு ஒரு நல்ல படம் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறேன். உன் பிள்ளைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக, உன் படகுக்கு நல்ல காற்றைக் கொடுப்பாராக. உன் மனைவிக்கும் அவள் தாயாருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
அத்தான் எமோசி

பின்குறிப்பு: இது வெள்ளிக்கிழமை எழுதுவது. உறை ஒட்டுவதற்குள் உன் அக்கா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இனோக்கே அண்ணன் கேட்டாரா?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். மச்சான், அவர் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தார். நான்தான் கூப்பிட்டு, மாஸ்கை என் கையாலேயே அவர் முகத்தில் மாட்டி, "நல்லா இருக்குல்ல அண்ணே?" என்று கேட்டேன். மாட்டிக்கொண்ட மனுஷன் பின்னே என்ன சொல்வார்? செமிசியும் கேட்கவில்லை. அவன் படகில் நான்தான் வைத்துவிட்டு வந்தேன். கெலேரா என் மூச்சுக்குழாயைக் கண்ணால் பார்த்ததே, அடுப்பு ஊத ஆகுமா என்று நான் கேட்ட பிறகுதான். தைத்தோ எடுத்தது மட்டும் நிஜம், ஆனால் வாசலில் அவன் கண்ணில் படும்படி வைத்தது நான். ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரித்தது, பெரியவர் யாராவது போய்விட்டால் துக்கத்துக்காக நூறு நாள் யாரும் இறங்கக்கூடாது என்று கடலை மூடிவிடுவார்களே என்ற நப்பாசையில். எழுதும்போதே கை கூசுகிறது. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முப்பத்தொரு வருடமாகப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஊர் வழக்கத்தின் மேல் பழி போட்டேன்.

உன் அக்கா உள்ளே போய், துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்தப் பவர் மாஸ்க். இனோக்கே அண்ணன் மறுநாளே அவளிடம் கொடுத்துவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு என்னமோ ஆச்சு, பார்த்துக்க" என்றாராம். கப்பல் ஏறும் அன்று காலை, நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, கெலேராவோடு போய் இறங்கியிருக்கிறாள். மூச்சுக்குழாயில் அடுப்புப் புகை வாடை அடித்ததாம். "பார்த்தியா?" என்று கேட்டேன். "பார்த்தேன்" என்றாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். துண்டை மறுபடி சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கூட வந்திருந்தா காட்டியிருப்பேன். வாயால சொல்ல மாட்டேன்" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. அடுத்த கப்பலுக்கு இடம் சொல்லிவைத்துவிட்டேன். பயப்படுகிறவன் முகத்தில் நிற்கும்படி, விலை குறைவாக ஒரு மாஸ்க் உன் விடுதிப் பக்கம் கிடைத்தால் உடனே வாங்கி அனுப்பு. வழியில் யார் நல்லா இருக்கு என்றாலும் கொடுத்துவிடாதே. மூன்றாம் பக்கத்து விஷயத்தை நினைத்துக் கவலைப்படவேண்டாம். மீசையை இன்று காலை எடுத்துவிட்டேன்.