கீழ்வீட்டில் ஓர் ஆள் கூடுதல்

தேனி,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர், வடுகபட்டி பூண்டு வியாபாரி குருசாமி அவர்களுக்கு,

தேனியிலிருந்து உங்கள் தங்கை கணவன் சுருளியாண்டி எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்பதைப் பூண்டு விலையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், ஆகவே விசாரிக்கவில்லை. என் சுகத்தை நீங்களும் விசாரிக்க வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன வாரம் நான் பாதி சொல்வதற்குள், "மாப்ள, லோடு வந்துருச்சு" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பதிவுத் தபாலில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். என் கீழ்வீட்டில் குடியிருக்கும் எபனேசர் குடும்பத்தில் ஓர் ஆள் கூடியிருக்கிறது. அந்த ஆள் உங்கள் தங்கை முத்துலட்சுமி. அவளுக்கு உண்டான கூடுதல் வாடகையை யார் தருவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கீழ்வீட்டை நான் தரையோடு தரையாகத்தான் கட்டினேன். எங்கள் தெருவுக்கு ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே தாரை ஊற்றிப் போனதில், ரோடு உயர்ந்து, என் வாசல் பள்ளத்தில் விழுந்து, இப்போது படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்துக்கு ஒரு நல்ல குடித்தனம் வேண்டும் என்று நான் தேடியபோது, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எபனேசர் தங்கமான ஆள் என்று சிபாரிசு செய்தது யார்? நீங்கள். அதற்கு முன்னால் இருந்தவன், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்று சொல்லிக் குடிவந்து, வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களைத் திருவிழா முடிந்தும் அனுப்பாமல் வைத்து, என் மோட்டாரைப் புகைய விட்டுப் போனவன். அதனால்தான் ஒப்பந்தத்தில் ஆறாவது ஷரத்தைப் போட்டேன்: வீட்டில் ஓர் ஆள் கூடினால் வாடகையில் ஐந்நூறு கூடும். எபனேசர் வாசித்துப் பார்த்து, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

இந்த நிலையில் அவர் மனைவி எப்சிபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எப்சிபாவுக்குத் தாயார் இல்லை; பிரசவம் முடிந்து நேரே இங்கேயே வந்துவிட்டார்கள். ஆள் கூடியது கூடியதுதானே? போன மாதம் முதல் தேதி வாடகை கொண்டுவந்த எபனேசரிடம் ஆறாவது ஷரத்தை எடுத்துச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஐந்நூறை எடுத்து வைத்தார். பேசியது உங்கள் தங்கை.

"பச்சப்புள்ளைக்கு வாடகை கேக்குறீகளே, அது குடிக்கிறது தாய்ப்பாலு. ஒங்க மோட்டாருத் தண்ணியையா குடிக்குது?"

குடிக்கவில்லைதான். ஆனால் நனைக்கிறது. பெரிய ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுவார், அது எத்தனை மாற்றுகிறது என்று பொருளியல் வாத்தியாராக நிதானமாக விளக்கினேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு பாய், தலையணை, ரசப்பொடி டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லை, ஒத்தாசைக்குப் போகிறேன் என்றாள். குளிப்பாட்டப் போகிறவளுக்கு ரசப்பொடி எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இன்று வரை மேலே வரவில்லை. போனில் உங்களிடம் சொன்னாளாம். நீங்கள் "அங்கனயே இரு ஆத்தா, அவரு எறங்கி வரட்டும்" என்றீர்களாம். உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் அரிசி மண்டிச் சம்பந்தியைத் 'தொழிலதிபர்' என்று போட்டு, என் எம்.ஏ., பி.எட்.டை அடியோடு விட்டவர்தானே, வேறென்ன சொல்வீர்கள்?

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். சாயங்காலமானால் கீழே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. வாசனை மட்டும் வாடகை இல்லாமல் மேலே வருகிறது. நான் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எபனேசர் குடிவந்தபோது ஒல்லியாக இருந்தார். இப்போது அவர் சட்டைப் பொத்தான்கள் கஷ்டப்படுகின்றன. சரி, அதையும் பொறுத்தேன். நேற்று முதல் தேதி. வந்தார், கவரை நீட்டினார். எண்ணிப் பார்த்தால் இன்னும் ஓர் ஐந்நூறு அதிகம். என்னவென்று கேட்டேன்.

"அது அக்காவுக்கு சார். அவுகளும் இங்கனதான இருக்காக. ஷரத்துன்னா ஷரத்துதான?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, அந்த மனிதருக்குக் கிண்டலே தெரியாது. போதாததற்கு, "ரசீதுல அக்கா பேரையும் எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாக" என்றார். சொன்னது யார் என்று புரிகிறதா? வாங்கினால் என் மனைவி கீழ்வீட்டுக் குடித்தனம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. வாங்காவிட்டால் ஆறாவது ஷரத்து செத்தது, குழந்தைக்கு வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும். இத்தனை வருஷம் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய என்னை, எட்டாவதோடு நின்ற உங்கள் தங்கை இப்படி நடுவில் நிறுத்திவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கவரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே, வருகிற ஞாயிறு நீங்கள் நேரில் வர வேண்டும். வந்து தங்கையை மேலே ஏற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் அவள் அங்கிருக்கும் வரை மாதா மாதம் ஐந்நூறை நீங்கள் கட்ட வேண்டும். பெண் கொடுத்த வீட்டுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. நான் இறங்கிப் போகமாட்டேன். அந்தப் பள்ளத்தில் என் கால் படாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் வியாபாரத்தை விட்டுவிட்டு நன்றாகப் படிக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் தனியாக நிற்கும்
சுருளியாண்டி, எம்.ஏ., பி.எட்.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. ஞாயிறு வர வேண்டாம். இதை ஒட்டுவதற்குப் பசை கேட்கத்தான் கீழே இறங்கினேன். உங்கள் தங்கை காலை நீட்டிப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, "அந்தத் துண்ட எடுங்க" என்றாள். எடுத்தேன். "பிடிங்க" என்றாள். பிடித்தேன். பிள்ளை என் சட்டையை நனைத்தது. அப்புறம் தட்டு வைத்தாள், சாப்பிட்டேன். எப்போது மேலே வருவாய் என்று கேட்டதற்கு, "இங்கன குளுகுளுன்னு இருக்கு. வேணும்னா நீங்க வாங்க" என்றாள். மாடியில் வெயில் தாங்கவில்லை என்பது உண்மைதான். நான் பாயை விரித்ததும் எபனேசர் எனக்கும் ஓர் ஐந்நூறு எடுத்து வந்துவிட்டார். என் தலைக்கும் என் பெண்டாட்டி தலைக்கும் நானே வாடகை வாங்கினால் ஊர் சிரிக்கும். ஆறாவது ஷரத்தை அவர் கண்முன்னால் அடித்துவிட்டேன். பிள்ளைக்கு வாங்கியதையும் கொடுத்துவிட்டேன். மேல்வீடு காலியாக இருக்கிறது. வடுகபட்டிப் பக்கம் நல்ல குடித்தனம் இருந்தால் அனுப்புங்கள். எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன்.