குற்றாலீஸ்வரன் சொன்ன குற்றங்கள்

பொண்டாட்டி அமெரிக்கா போகக் கூடாது என்று குற்றாலீஸ்வரன் ஐந்தருவியில் தலையைக் கொடுத்தபடி முடிவெடுத்தான். துவட்டிக்கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

ஆனால் நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஜெயசித்ரா டாக்டர். நெல்லையில் படித்துவிட்டுத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் மேற்பயிற்சிக்குச் சேர இரண்டு பெரிய பரீட்சை எழுதித் தேறியவள். அதைக் குற்றாலத்துப் பழக்கடையில் நின்றுகொண்டு, மங்குஸ்தான் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் இவன்தான். இப்போது போகாதே என்றால் ஊர் சிரிக்கும். போனாலோ மூன்று வருஷம். கடையை விட்டுப் போக முடியாது. அவளை விட்டு இருக்கவும் முடியாது. இந்த இரண்டாவதைத்தான் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"நூத்திப்பத்து ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போடப்போறேன்" என்றாள் ஜெயசித்ரா.

"நூத்திப்பத்தா! ஏட்டி, எனக்குப் பொண்ணு தேடி எங்கம்மா ஒம்பது வீடுதான் ஏறினா!"

"அதுல பத்துப் பேரு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாலே பெருசு. அவனுக்கு நாம வெளிநாட்டு டாக்டருல்லா? நம்மளை எப்படி நம்புவான்? பெரிய டாக்டர் எழுதுத லெட்டரைத்தான் பார்ப்பான். மேடம் எழுதி நேரா அனுப்பிருவாவ. நான் அதைக் கண்ணாலயும் பார்க்கக் கூடாது. அது சொதப்புனா எல்லாம் போச்சு. நீங்க தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போயி எதையும் ஒளறி வச்சிராதிய."

மறுநாள் பதினோரு மணிக்கு, ஒரு பெட்டி மங்குஸ்தானோடு, குற்றாலீஸ்வரன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.

பெரிய டாக்டர் சைதூன் பீவி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மேடம், லெட்டர்ல உள்ளதை உள்ளபடி எழுதணும். அவ குடும்பத்துக்கு லாயக்கில்லை."

"அப்படியா? சொல்லுங்க தம்பி."

"எங்க வரவேற்பு அன்னைக்கு மண்டபத்துச் சமையக்காரரைப் பாம்பு கடிச்சிட்டு. இவ மாலையும் கழுத்துமா ஆம்புலன்ஸுல ஏறிட்டா. ஆல்பத்துல பாதிப் பக்கம் நான் ஒத்தையில நிக்கேன் மேடம்!"

"அடடா. அப்புறம்?"

"இலஞ்சியில எங்க அக்கா புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வரலை. டெங்கு வந்த ஒரு பையன் பக்கத்துலயே ரெண்டு நாளு உக்காந்துட்டா. அவன் இப்ப இவளை அத்தைங்கான். ஒறவு கூடிக்கிட்டே போகுது!"

சைதூன் பீவி காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். குறிப்பெடுக்கிறார் என்றதும் இவனுக்கு வேகம் வந்துவிட்டது.

"செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கெழவி வந்துச்சு. அது பேசுதது புரியணும்னு இவ ஒக்காந்து மலையாளம் படிச்சா. என்கிட்ட தமிழ்ல நாலு வார்த்தை பேச நேரமில்லை!"

ஒரு மணி நேரம் பேசினான். நான்கு வருஷத்துப் பொருமல். வெளியே வந்தபோது காரியம் முடிந்ததென்று நிம்மதியாக டீ குடித்தான்.

பன்னிரண்டு ஆஸ்பத்திரிகள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டன.

நவம்பரில், விளக்கு வைக்கிற நேரம், காப்பியோடு கதவுக்கு வெளியே நின்றான். லேப்டாப்பில் ஒரு நரைத்தலை அம்மாள் இங்கிலீஷில் கேட்டாள்: "கல்யாண மாலையோடு ஆம்புலன்ஸில் ஏறியது நீங்கள்தானா?" காப்பி சட்டையில் கொட்டியது. ஜெயசித்ரா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சமையல்காரரின் காலைக் காப்பாற்றிய விதத்தைச் சொன்னாள், அவர் இப்போது கோயில் கொடைக்குப் பந்தி பரிமாறுவதைச் சொன்னாள். இப்படிப்பட்டவளையா நாம் கெடுக்கப் போனோம் என்றிருந்தது இவனுக்கு. பெருமையும் அவமானமும் ஒன்றாக வந்து நின்றன.

அப்புறம் ஜாதகப் பொருத்தம் மாதிரி ஒரு ஏற்பாடு. பிடித்த ஆஸ்பத்திரிகளை இவள் வரிசை போட, பிடித்த டாக்டர்களை அவர்கள் வரிசை போட, கம்ப்யூட்டர் சேர்த்துவைக்கும். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை பதில் வந்தது.

"இடம் கெடைச்சிட்டு! எந்த ஊருன்னு வெள்ளிக்கிழமை சொல்லுவாங்களாம்."

"கல்யாணம் நிச்சயம், மாப்பிள்ளை யாருன்னு பெறகு சொல்லுவானாமா?" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "சித்ரா, மேடம்கிட்ட நான் போனேன். ஒன்னைக் கெடுக்கத்தான் போனேன்."

"தெரியும். நாந்தான் அனுப்புனேன்."

"போகாதியன்னுல்லா சொன்ன?"

"அதான் அனுப்புனது. கெட்டிக்காரின்னு மட்டும் எழுதினா எவனும் படிக்க மாட்டான், நடந்த சங்கதி நாலு வேணும்னாவ மேடம். என் பெருமையை நானே எப்படிச் சொல்ல? என் குத்தத்தை எல்லாம் நாள் தேதியோட மனசுல வச்சிருக்கது நீங்கதான?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப நான் இங்கன ஒத்தையில..."

"ஒத்தையில எதுக்கு? மூணு வருசம் கழிச்சு அடுத்த பயிற்சிக்கும் லெட்டர் வேணும். குத்தம் சொல்ல அங்கன ஆளு ஏது? கடையை ஒங்க இலஞ்சி அத்தான் பாத்துக்கிடுதேன்னு தீவாளிக்கே சொல்லிட்டாவ."

குற்றாலீஸ்வரன் மூக்கை உறிஞ்சினான்.

"பாஸ்போர்ட்டு போட்டோவுக்கு எந்தச் சட்டை போடணும்?"

"நீலம். போன வாரமே இஸ்திரி போட்டு மாட்டிட்டேன்."