பெட்டிவே பெட்டி கட்டக் கூடாது

"பெட்டிவே பெட்டி கட்டக் கூடாது. நான் கட்ட விடமாட்டேன்."

பிப்ரவரி மாதத்து முதல் திங்கட்கிழமை, காலைச் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, நெஞ்சில் கை வைத்து நார்பர்ட் வ்ரோபெல் செய்த சபதம் இது. கையில் தக்காளி சாஸ் இருந்தது. சபதம் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவி பெர்னடெட் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வீடு விற்றுக் கொடுப்பது அவள் தொழில். பஃபலோ நகரத்தின் தெற்குப் பக்கம் எந்த வீட்டில் எந்த ஜன்னல் இறுக்கிப் பிடிக்கும் என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"சரி நார்ப். போற வழியில குப்பையை வெளிய வச்சிடு."

"நான் சபதம் பண்ணிக்கிட்டிருக்கேன், பெர்னி."

"பண்ணு. பண்ணிட்டு வை."

நார்பர்ட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஓரின் பெட்டிவே அவருக்கு உறவு இல்லை. ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் தடுப்பாட்டக்காரர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவருகிறவனைக் கட்டிப்பிடித்துப் பூமிக்கு அறிமுகம் செய்து வைப்பது பெட்டிவேயின் உத்தியோகம். பதினோரு வருஷமாக அதைச் செய்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மளிகைக்கடை வாசலில் நார்பர்ட்டின் வண்டி பனியில் புதைந்து உறுமிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். வண்டி தவளை மாதிரி குதித்து வெளியே வந்தது. கண்ணாடியில் பார்த்தால், ஒரு கையில் பால் கேனோடு பெட்டிவே. தோளைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட்டார். அன்றிலிருந்து நார்பர்ட் அந்தத் தோளின் பக்தர்.

அந்தத் தோளுக்குத்தான் இப்போது ஆபத்து. வில்லன் பெயர் சம்பள உச்சவரம்பு. எந்த அணியும் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. முதலாளி வீட்டில் கொட்டிக் கிடந்தாலும் கூடாது. பந்திக்கு நீளம் இவ்வளவுதான். பந்து எறிகிற இளவரசனுக்குப் போன வருஷம் தலைவாழை இலையாகப் போட்டாயிற்று. அதன் நுனி நாலு பேர் மடியில் கிடக்கிறது. இனி யாராவது பாதியில் எழுந்தால்தான் மற்றவர்களுக்கு உட்கார இடம். மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை, மாலை நாலு மணிக்குள் எழுப்பியாக வேண்டும். யாரை எழுப்புவார்கள்? முழங்கால் தேய்ந்தவரை. ஊருக்குப் பிடித்தவரை.

நார்பர்ட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஏரிக்கரையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இரும்பு உருட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டு, "உங்கள் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே நார்பர்ட் தன் சாப்பாட்டு டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். வாசல் வரைக்கும் ஒருவரும் வரவில்லை.

படுக்கையறை அலமாரியில் ஏழு ஜெர்சிகள் தொங்கின. முதுகில் ஏழு பெயர்கள். ஏழு பேரும் வரம்புக்குப் பலியாகி ஏழு ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இது அலமாரியா, இடுகாடா?" என்பாள் பெர்னடெட். "என் கோட்டை மாட்ட இடமில்ல."

எட்டாவதாக பெட்டிவே அங்கே தொங்கக் கூடாது. அதுதான் சபதம்.

திட்டம் மதுக்கடையில், கோழி இறக்கை எலும்புகளுக்கு நடுவே, சிநேகிதன் ஸ்டோஷோடு சேர்ந்து உருவானது.

"டேய் ஸ்டோஷ், அவரே சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டா இருக்கலாம்தானே?"

"இருக்கலாம். உன் சம்பளத்தைக் குறைக்கச் சொன்னா நீ குறைப்பியா?"

"எனக்கு இந்த ஊர் பிடிக்காதே. பிடிச்சா குறைப்பேன்."

"அப்ப அவருக்கு ஊரைப் பிடிக்க வைக்கணும்."

"பிப்ரவரியில இந்த ஊரை யாருக்குடா பிடிக்கும்? வாசலைத் திறந்தா இடுப்பு வரைக்கும் பனி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேதைகள் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு இருவரும் பனி தள்ளும் ஷவல் ஆளுக்கொன்றோடு பெட்டிவே வீட்டு வாசலில் நின்றார்கள். கருங்கல் தூண் வைத்த பெரிய வீடு. வண்டிப்பாதையே பஸ் நிறுத்துமளவு நீளம். ஏழு மணிக்குள் ஒரு செதில் பனி இல்லாமல் வழித்து எடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது பெர்னடெட் தன் வீட்டு வாசலில் தனியாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வர்ற? முழங்கால் வரைக்கும் ஈரம்."

"பெட்டிவே வீட்டுக்கு. வாசல்ல பனி தள்ளினேன்."

"நீயா?"

"ஸ்டோஷும்தான்."

"குனிஞ்சா?"

"கொஞ்சம்."

"முப்பத்திமூணு வருஷமா இந்த வாசல்ல குனிய முடியாத இடுப்பு?"

"அது என்னமோ பெர்னி, அன்பா செய்யும்போது வலிக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. இனி உறைய ஒன்றும் பாக்கியில்லை என்று நின்றார். பெர்னடெட் ஷவலைத் தரையில் ஊன்றினாள். அடி விழும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"எந்த வீடு? கருங்கல் தூண் வச்சதா?"

"அதேதான்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடுப்பில் அப்பம் உப்புவது போல் மெள்ள வந்து, பல் தெரிய நின்றது.

"நல்ல காரியம் நார்ப். நிறுத்திடாத."

அன்று மேஜையில் அவருக்கு இரண்டு முட்டைக்குப் பதில் மூன்று.

அதற்குப்பின் நடந்ததை நார்பர்ட் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பெர்னடெட் விடியலில் எழுந்து ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள். கம்பளிக் கையுறையை ஹீட்டர்மேல் வைத்துச் சூடாக்கித் தந்தாள். யோசனைகளும் தந்தாள்.

"அந்தத் தபால் பெட்டி சாய்ஞ்சிருக்கும், பாரு. நிமிர்த்திடு."

"ஆமா, சாய்ஞ்சிருக்கு. உனக்கெப்படித் தெரியும்?"

"வீடு பாக்குறதுதானே என் பொழப்பு. கராஜ் கதவு, முன்கதவு ரெண்டும் கிறீச்சிடும், எண்ணெய் விடு. மழைநீர்க் குழாய்ல இலை அடைச்சிருக்கும்."

"அதெல்லாம் செஞ்சா இருப்பாரா பெர்னி?"

"வீடு நல்லாயிருந்தா யாருக்குத்தான் அங்க இருக்கணும்னு தோணாது?"

எவ்வளவு உண்மையான பேச்சு! நார்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. முப்பத்திமூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கையில் வேக்குவம் கிளீனர் போட்ட பெண் இவள். இப்போது அவர் காதலை அவளும் காதலிக்கிறாள். பனி தள்ளுவதே பணி என்றாகிவிட்டது அவருக்கு. மார்ச் முதல் வாரத்தில் வேலிக்கு வர்ணம் அடித்தார்கள். ஸ்டோஷ் தன் செலவில் வாசல் விளக்கு மாற்றினான். பெர்னடெட் சொன்ன நிறத்தில், சிவப்பாக, முன்கதவுக்கும் ஒரு பூச்சு. கதவுக்குப் பூசப் போகிறோம் என்று வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. ஆச்சரியம், யாரும் தடுக்கவுமில்லை.

ஒருநாள் காலை அந்தக் கதவு திறந்தது. பெட்டிவே, நிலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார். ஒரு முழங்காலில் பட்டை. கையில் இரண்டு காபிக் கோப்பை.

"நீங்க பெர்னடெட்டோட வீட்டுக்காரர்தானே சார்?"

நார்பர்ட்டுக்குக் கால் தரையில் இல்லை. என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்! என் மனைவி பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்!

"ஆமாங்க மிஸ்டர் பெட்டிவே."

"ரொம்ப நல்லாப் பண்றீங்க. என் மனைவிக்குத்தான் சங்கடமா இருக்கு. இவ்வளவு செய்யணுமா?"

"ஊருக்கு உங்க மேல அவ்வளவு பிரியம்."

பெட்டிவே காபியைப் பார்த்தார். "இந்தத் தூண் ரெண்டும் நான் சொல்லி வச்சது. கல்லு எடுத்த இடத்துக்கு நானே போனேன். நல்ல ஊரு சார் இது. ரெண்டு முழங்காலையும் இங்கதான் குடுத்தேன்."

இதுதான் சமயம். சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட வேண்டும். ஒரு மாதமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வாக்கியம். பஸ் ஓட்டுகிறவன், கோடிக்காரனைப் பார்த்து, குறைத்துக்கொள் என்று எந்த வாயால் கேட்பது? பட்டை கட்டிய முழங்காலைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

"தபால் பெட்டியை நிமிர்த்திட்டேன்" என்றார் நார்பர்ட்.

"பார்த்தேன் சார். நன்றி."

புதன்கிழமை மாலை மதுக்கடை நிரம்பியிருந்தது. யாரும் குடிக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு டிவியில் பெட்டிவேயின் படம் வந்தது. கீழே எழுத்து ஓடியது. பெட்டிவேயை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அவர்மேல் அணிக்கு மிகுந்த மரியாதை உண்டாம்.

மரியாதை! நார்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மூலையில் ஒருத்தி பேர் சொல்லித் திட்ட ஆரம்பித்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டாள். வரம்புக்கு அப்பா அம்மாவா இருக்கிறார்கள், திட்ட?

"பெட்டிவே பெட்டி கட்டியாச்சு" என்றான் ஸ்டோஷ். யாரும் சிரிக்கவில்லை. அவனும்.

அன்றிரவு நார்பர்ட் சாப்பிடவில்லை. பெர்னடெட்டும் வற்புறுத்தவில்லை, அவளுக்கு நிறைய ஃபோன் வந்தது. பெட்டிவே பெயர் போட்ட ஜெர்சியை அலமாரியில் எட்டாவது கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தார்.

வியாழன் காலை பார்த்தால் மறுபடி பனி. பழகிய கால் சும்மா இருக்குமா? போகிற மனிதர் வழுக்கி விழாமல் போகட்டும் என்று ஷவலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தனியாக. ஸ்டோஷுக்கு மனம் இல்லை.

கருங்கல் தூண். சிவப்புக் கதவு. நிமிர்ந்த தபால் பெட்டி. அதற்குப் பக்கத்தில், அவரே ஆறு வாரம் வழித்துச் சுத்தம் செய்த தரையில், ஒரு புதுப் பலகை நின்றது.

விற்பனைக்கு.

அதற்குக் கீழே ஒரு புகைப்படம். பல் தெரிய ஒரு சிரிப்பு. 'நல்ல காரியம் நார்ப், நிறுத்திடாத' என்ற அதே சிரிப்பு. கீழே பெயர்: பெர்னடெட் வ்ரோபெல். அதற்குக் கீழே நார்பர்ட்டின் வீட்டு ஃபோன் நம்பர்.

அந்த நம்பருக்குப் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். அவசியம் இருக்கவில்லை. அவளே வண்டியில் வந்து இறங்கினாள். அலமாரியில் மாட்ட இடமில்லாத அந்த நல்ல கோட்டு.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ஜனவரி இருபத்தி நாலு. அணி எப்படியும் விட்டுடும்னு தெரிஞ்சு, வீட்டை விக்கச் சொல்லி அவரும் அவர் மனைவியும் வந்து கையெழுத்துப் போட்டாங்க. புதன்கிழமை நாலு மணி வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

"நான் உன் புருஷன்!"

"புருஷன்கிட்ட சொன்னா ஸ்டோஷ்கிட்ட போகும். ஸ்டோஷ்கிட்ட சொன்னா ரேடியோவுக்குப் போகும்."

"அவர் போகக் கூடாதுன்னு நான் பனி தள்ளினேன், பெர்னி. நீ அவரை அனுப்புறதுக்கு என்னை வச்சுத் தள்ள வச்சிருக்க."

"நான் எங்க தள்ள வச்சேன்? தள்ளிட்டு வந்து நின்னது நீ. நிறுத்தாதன்னு மட்டும்தான் சொன்னேன்."

"தபால் பெட்டி? கதவு? எண்ணெய்?"

"அது யோசனை."

நார்பர்ட் ஷவலைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

பெர்னடெட் பலகையில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்தாள். படத்தில் தன் மூக்கின் மேலிருந்த பனியை முதலில். அப்புறம் குரலைத் தணித்தாள்.

"உன்னை அனுப்பினப்போ வாசல் வரைக்கும் யாராவது வந்தாங்களா நார்ப்? இவருக்கு ஆறு வாரம் ஒருத்தன் வாசல்ல நின்னிருக்கான். அவர் மனைவி என்கிட்ட அழுதா. அதை நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டார். மன்னித்துவிடலாம் என்றுகூட வந்துவிட்டார். அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது.

இறங்கியவனுக்கு இருபத்துநாலு வயதுக்கு மேல் இராது. தோள் மட்டும் பெட்டிவே அகலம். பெட்டிவேயின் இடத்துக்கு நேற்று எடுத்த புது ஆள், குறைந்த சம்பளம், சின்ன இலைக்காரன். கூட அவன் மனைவி, கையில் குழந்தை. பெர்னடெட் பல் தெரியச் சிரித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவு கிறீச்சிடவில்லை. நார்பர்ட்டுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பனி தள்ளினார்.

முக்கால் மணி நேரம் கழித்து மூவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்தாள். வண்டி போனது.

"பிடிச்சிருக்காம்" என்றாள் பெர்னடெட். "எடுத்துக்கறாங்க. அந்தப் பொண்ணு தெற்குக்காரி, பனியையே பாத்ததில்ல. அவளுக்கு ஒரே பயம் இந்த வாசல்தான். அதனால குளிர்பெட்டி, துவைக்கிற மெஷின், பனி தள்ள ஒரு ஆள், மூணும் வீட்டோட சேர்ந்ததுன்னு எழுதித் தரேன்னுட்டேன்."

நார்பர்ட் ஷவலில் சாய்ந்துகொண்டார். "எத்தனை வருஷத்துக்கு?"

"அவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம். உனக்கும் அதே."

"அப்புறம் வரம்பு வந்து அவனையும் வெட்டுவாங்க. என்னையும் சேர்த்து வெட்டுவாங்க."

"உன்னை யாரும் வெட்ட முடியாது நார்ப்" என்று வண்டியின் கதவைத் திறந்தாள் பெர்னடெட். "சம்பளம் இருந்தாத்தானே வரம்பு!"