உருண்டை முகத்துக்கு ஒரு நிழல்

வீட்டில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்று நான் சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறேன். பத்திரிகையில் குழந்தைகள் பக்கம் எழுதுகிறவன் செய்யக்கூடிய சங்கற்பமா இது என்று நீங்கள் கேட்கலாம். வானம் ஏன் நீலம், பல்லிக்கு வால் எப்படி மறுபடி முளைக்கிறது என்றெல்லாம் விளக்கித்தான் என் பிழைப்பே நடக்கிறது. ஊரார் குழந்தைகளுக்கு விளக்கியதால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. என் மனைவி கோமளத்துக்கு ஒரே ஒரு பாடம் விளக்கினேன். போதும் என்றாகிவிட்டது.

எங்கள் மல்லேஸ்வரம் மாதர் சமாஜத்தில் நவராத்திரிக்கு நாடகம். நடிப்பதற்கு எல்லாரும் முண்டியடித்தார்கள். வேஷம் போட்டுவிட ஒருவரும் வரவில்லை. அந்த வேலை கோமளத்தின் தலையில் விழுந்தது. கூடவே சாயங்கள் அடங்கிய ஒரு தகரப் பெட்டியும், வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தன.

"ஏன்னா, இதுல உருண்டை முகம், நீள முகம், சதுர முகம்னு படம் படமாப் போட்டிருக்கு. என்ன பண்ணச் சொல்றான்?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வகுப்பு சமையலறையில் நடந்தது. மாதிரி முகமாக ஒரு பூசணிக்காயை எடுத்து வைத்தேன்.

"இதோ பார், கோமளம். வெளிச்சம் பட்ட இடம் முன்னால வரும். நிழல் விழுந்த இடம் உள்ளே போகும். இவ்வளவுதான் வித்தை. இது உருண்டை முகம்."

பூசணியின் இரண்டு பக்கமும் கரித்தூளைப் பூசினேன். பூசணி கண்ணெதிரே மெலிந்தது. அடுத்தது சுரைக்காய், அதாவது நீள முகம். நெற்றி உச்சியிலும் மோவாய்க்கு அடியிலும் நிழல் வைத்தேன். சுரைக்காய் குட்டையாயிற்று. சதுரமாகக் காய் எதுவும் அகப்படாததால் பெருங்காய டப்பாவை நிறுத்தி, தாடை மூலைகள் இரண்டையும் இருட்டாக்கினேன்.

"முக்கியமா, கோடு தெரியப்படாது. விரலால கரைச்சு விடணும். கோடு தெரிஞ்சா அழுக்கு, தெரியாட்டா நிழல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"இதுக்குப் போய் இத்தனை பெரிய புஸ்தகமா!" என்று சொல்லி, பூசணிக்காயின் முகத்தைக் கழுவிக் கூட்டுக்கு நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே கவலைப்பட்டாள்.

"பாகீரதி மாமியை நினைச்சாத்தான் பயமா இருக்கு. பட்டினி கிடக்கற முனிவர் வேஷம் அவாளுக்கு."

எதிர் வீட்டு பாகீரதி மாமியின் முகம் முழுப் பௌர்ணமி. பட்டினி என்ற வார்த்தையைக்கூட அந்த முகம் கேள்விப்பட்டதில்லை.

"மாமியைப் பாத்து சபை சிரிச்சுடுத்துன்னா சமாஜத்துல நான் தலை நிமிர முடியாது. முன்னாடியே ஒரு உருண்டை முகத்துல போட்டுப் பழகணும். யார் உட்காருவா?"

இப்படிச் சொன்னவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகமும் அந்த ஜாதிதான். "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்தேன்.

"போகட்டும். சனிக்கிழமை சாயங்காலம் திரைக் கயிறு இழுக்கவாவது வாங்கோ. போன வருஷம் இழுத்தவர் தூங்கிப் போய், செத்த ராஜா எழுந்து தானே திரையை இழுத்துண்டு போனார்."

சனிக்கிழமை! அன்றுதான் என் சிநேகிதன் சேஷகிரி வீட்டில் சீட்டுக் கச்சேரி. எங்கள் இருவரையும் தோற்கடிப்பதற்கென்றே மைசூரிலிருந்து ஒரு ஜோடி ரயிலேறி வருகிறது. நாங்கள் போகாவிட்டால் பயந்துவிட்டோம் என்று மைசூர் முழுக்கச் சொல்வார்கள். இதை வீட்டில் சொல்ல முடியுமா?

அப்போதுதான் நான் நடத்திய பாடம் எனக்கே ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முகப் பவுடரில் காபிப் பொடியைக் கலந்து, கன்ன எலும்புக்குக் கீழே ஒரு நிழல், கண்ணுக்கு அடியில் ஒரு நிழல் வைத்துக் கரைத்துவிட்டேன். கண்ணாடியிலிருந்து பத்து நாள் பட்டினி லங்கணம் கிடந்தவன் ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன்.

"ஐயையோ! என்னன்னா, கன்னம் இப்படி ஒட்டிப் போயிடுத்து?"

"காய்ச்சல்... நீ போ, கோமளம். நாடகம் முக்கியம். நான் இப்படியே கிடக்கறேன்."

அவள் குனிந்து மோந்து பார்த்தாள்.

"காபி வாசனை வரதே?"

"காய்ச்சல்ல எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"உங்களுக்கு வந்தா சரி. எனக்கு ஏன் வரது?"

"தொத்திண்டிருக்கும். கிட்ட வராதே!"

கோமளம் உள்ளே போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். ஈரத்துணியால் என் முகத்தை ஒற்றித் துடைத்தாள். வைத்த நிழலெல்லாம் துணியோடு போயிற்று. நல்லவேளை, அவள் துணியைப் பார்க்கவில்லை.

"கண்ணை மூடிக்கோங்கோ. தைலம் தடவறேன். எரியும், திறக்கப்படாது."

நீலகிரித் தைலம் கமகமத்தது. நெற்றி, கன்னம், கண்ணடி என்று விரலால் மெள்ள மெள்ளத் தேய்த்தாள். இப்பேர்ப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. சீட்டை நினைத்தேன், உறுத்தல் நின்றது.

"கஞ்சி வச்சிருக்கேன். குடிச்சுட்டுத் தூங்குங்கோ" என்று சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியோடு கிளம்பினாள்.

அவள் தெரு முனை திரும்பியதும் கொல்லைக் கதவைச் சேஷகிரி தட்டினான். என்னைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"என்னடா தேசிகா, இது என்ன கோலம்?"

கோமளம் துடைத்தும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேஷம்டா. ஒரு நிமிஷம், கழுவிண்டு வரேன்."

குழாயடியில் சோப்பைக் காணோம். வெறும் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவிவிட்டு வந்தேன்.

"கழுவிண்டு வரேன்னியே?"

"கழுவியாச்சு."

"இல்லடா. அப்படியே இருக்கு."

கண்ணாடிக்கு ஓடினேன். கன்னம் இரண்டும் குழி. கண் இரண்டும் பள்ளம். மறுபடி கழுவினேன். தண்ணீர் என் கன்னத்தில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தண்ணீர்கூட ஒட்டாத உடம்பாகிவிட்டதே! பொய்க் காய்ச்சலை வா வா என்று கூப்பிட்டேன், நிஜக் காய்ச்சலே வந்துவிட்டது.

"சேஷு, என்னைப் பிடிச்சுக்கோடா."

"தொத்துமோ?" என்று கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

தெருவுக்கு ஓடி ஒரு ஜட்காவை நிறுத்தினேன். "ஏன் சுவாமி, ஹுஷாரில்லவா?" என்று வண்டிக்காரன் என் உடம்பைக் கன்னடத்தில் விசாரித்து இரங்கினான். வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஒதுக்கி ஓட்டினான். அவன் இரக்கம் என் பயத்தை இன்னும் வளர்த்தது.

"கோமளம்! நான் பிழைப்பேனா?" என்று அலறிக்கொண்டு மேடைக்குப் பின்புறம் நுழைந்தேன்.

"பிழைப்பேள். அந்த ஸ்டூல்ல உட்காருங்கோ."

அங்கே காவி கட்டிக்கொண்டு ஒரு முனிவர் உட்கார்ந்திருந்தார். ஜடாமுடி, ஒட்டிய கன்னம், குழிந்த கண். கண்ணாடி பார்ப்பது போலவே இருந்தது. என் கன்னத்தில் இருந்த அதே குழி, அதே இடத்தில். முனிவர் வெற்றிலை மென்றுகொண்டே, "வாங்கோ மாமா" என்றார். பாகீரதி மாமி!

கோமளம் ஒரு துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்து என் இடது கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். துணி பழுப்பாயிற்று. கன்னம் உப்பிற்று.

"காபிப் பொடி தண்ணியில போகும். இது எண்ணெய்ச் சாயம். எண்ணெய்லதான் போகும். வாத்து இறகுல தண்ணி ஏன் ஒட்டறதில்லைன்னு போன மாசம் குழந்தைகளுக்கு எழுதினேளே, நான் படிச்சேன். எழுதினவர்தான் படிக்கலை போலிருக்கு."

திறந்திருந்த தகரப் பெட்டியில் எங்கள் வீட்டுச் சோப்பு உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி! கட்டின புருஷன் முகத்துலயா?"

"பழகிப் பாக்க ஒரு உருண்டை முகம் வேணும்னேன். மாட்டேன்னு எழுந்து போனேள். அப்புறம் நீங்களாவே வந்து படுத்துண்டேள். கோடு தெரியாமக் கரைச்சிருக்கேனா, சொல்லுங்கோ."

மணி அடித்தது. வலது கன்னத்தைத் துடைக்க நேரமில்லை. கோமளம் கயிற்றை என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் பட்டினியும் மறுபக்கம் பௌர்ணமியுமாக நின்று நான் திரையை இழுத்தேன். மாமியைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சேஷகிரி ஒரு கூடைக் குடகு ஆரஞ்சை வாசல்படியில் வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு ஓடிப்போனான். கோமளமும் பாகீரதி மாமியும் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்றார்கள். நானும் ஒன்றுக்குக் கையை நீட்டினேன்.

"காய்ச்சல்காரருக்கு ஆரஞ்சு ஆகாது" என்று சொல்லி, கோமளம் கஞ்சியை என் பக்கம் நகர்த்தினாள்.