இறைச்சிக்குள் நெத்திலி

"ஏட்டி, வெயிலு என்ன வாடகையா கேக்குது? எறச்சி ஒணக்கதுக்கு மிசினு வாங்கவா ஒன்னய காலேஜுக்கு விட்டேன்?"

முதல் சம்பளத்தில் நான் வாங்கி வந்த உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்து அம்மா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் உணவு அறிவியலில் பட்டம் (இதை வீட்டில் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன்). வாயால் பதில் சொல்வானேன், செய்தே காட்டுவோம் என்று இருந்தேன்.

அப்பா முட்டம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். போனால் திரும்ப வாரக்கணக்காகும். மூன்று வேளையும் மீன்தான். படகில் எல்லோரும் ஏங்குவது ஒரு துண்டு மாட்டிறைச்சிக்கு. போன தடவை மழைக்கு நடுவே அம்மா வெயில் தேடித் தேடிக் காயவைத்துக் கொடுத்த உப்புக்கண்டம் பாதி வழியில் பூசணம் பிடித்துக் கடலோடு போனது. இப்போது மறுபடியும் ஐப்பசி மழை. இந்த முறையும் கெட்டால் அப்பாவுக்கு மீன். எனக்கோ, அந்த இயந்திரத்தின் மேல் அம்மா துணி மடித்து அடுக்குவதை ஆயுள் முழுக்கப் பார்க்கும் தண்டனை.

வெள்ளோட்டமாக முதலில் நெத்திலி காயவைத்தேன். அருமையாக வந்தது. தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் முக்கி எடுத்தேன். மறுநாள் இறைச்சி. கொழுப்பை முழுக்கச் சீவி, பாதி உறையவைத்து, மெல்லிய நாடாவாக நறுக்கினேன். உப்பும் மிளகும் கலந்த நீரில், உள்சூடு எழுபது டிகிரியைத் தாண்டும்வரை வேகவைத்தேன். "வெந்தத எதுக்குட்டி ஒணக்குத?" என்ற அம்மாவுக்கு, காயவைப்பது மட்டும் கிருமியைக் கொல்லாது, சூடுதான் கொல்லும் என்று நீண்ட வகுப்பெடுத்தேன். இயந்திரம் பகல் முழுக்க ஓடியது. வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஒடியக் கூடாது. வளைத்துப் பார்த்தேன், சரி. ஆறவைத்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, படகின் ஐஸ் பெட்டியில்தான் வைப்பேன் என்று அப்பாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று செய்யவில்லை. வாயில் போட்டுப் பார்க்கவில்லை. (தெர்மாமீட்டர் சொன்னால் போதாதா?)

படகு திரும்பிய அன்று கரையிலேயே காத்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் சிரித்தார்கள். "யாருக்காவது வாந்தி பேதியா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மக்களே," என்றார் அப்பா. "மீனயே தின்னு தின்னு மடுத்துப்போயி, ஆசையா ஒன் பொதியப் பிரிச்சோம். கடிச்சா, எறச்சிக்குள்ளயும் நெத்திலி."

தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அறிவியல் பட்டதாரி, இயந்திரத்தின் பின்னால் காற்றடிக்கும் விசிறியைத் துடைக்கவே இல்லை. கருவாட்டு வாசம் அங்கே குடியிருந்திருக்கிறது. கருவாடு காயும் எங்கள் தெருவில் பிறந்த என் மூக்குக்கு அது தனியாகத் தெரியவா போகிறது?

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா சிரிக்க வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"சிரிக்காத. கடைசித் துண்டு வரைக்கும் பூசணம் பூத்துப் போவல்ல. ஒருத்தனுக்கும் வயிறு கெடல்ல. இந்த மழையில ஒன்னால முடியுமா?"

அம்மா என்னைப் பார்த்து, "அடுத்த தடவ நல்லமொளவு கொஞ்சம் கூட்டிப் போடுட்டி" என்றாள். மிளகைக் கூட்டச் சொன்னாலும் 'அடுத்த தடவை' என்றாளே, அதுதான் என் இரண்டாவது பட்டம்.

இன்றும் வீட்டில் இறைச்சிக் குழம்பு வைத்தால், அப்பா முதல் வாயோடு நிறுத்தி, "இது எந்தக் கடல்ல பிடிச்சது?" என்று கேட்பார். கேட்கட்டும். பக்கத்துப் படகுக்காரர்களும் என்னிடம் இறைச்சி கேட்டு வந்துவிட்டார்கள். போன வாரம் இரண்டாவது இயந்திரம் வந்து இறங்கியது. அது இறைச்சிக்கு மட்டும். பழையதை அம்மா நெத்திலிக்கு எடுத்துக்கொண்டாள். நல்ல வெயில் அடிக்கிற நாளிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.